மொய் எழுதாத சாஃப்ட்வேர்கள்

புதுக்கோட்டையிலிருந்து ஆலங்குடிக்குப் போகிற சாலையில் இருக்கிறது திருவரங்குளம். நீங்கள் அந்த ஊர்க்காரர், ஆடி மாதம் மொய் விருந்து வைக்கப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம்.

மொய் விருந்து தெரியாத பட்டணத்து வாசகர்களுக்கு நாலு வரி. புதுக்கோட்டை, தஞ்சாவூர் மாவட்டங்களின் அந்தப் பக்கத்துக் கிராமங்களில் கல்யாணம், காதுகுத்து என்று எந்த விசேஷமும் இல்லாமலே, மொய் வாங்குவதற்கென்றே விருந்து போடுவார்கள். பத்திருபது பேர் கூட்டாகச் சேர்ந்து பந்தல், சாப்பாட்டுச் செலவைப் பகிர்ந்துகொள்வார்கள். வந்தவர் எழுதிய தொகை மொய் நோட்டில் ஏறும். அவர் முறை வரும்போது அதோடு மேலே கொஞ்சம் சேர்த்துத் திருப்பிச் செய்யவேண்டும். பத்திரமில்லாத பாங்க்.

இந்த பாங்க்கின் செக் புத்தகம், விருந்துப் பத்திரிகை. கூட்டாக வைப்பதால் அதில் பெயர்கள் வரிசையாக நிற்கும். இனிஷியல், ஊர், தெரு, பட்டப்பெயர் சகிதம். ஒரு எழுத்து மாறினால் போச்சு. 'முருகேசன்' 'முருகசேன்' ஆனால் சிரிப்போடு போய்விடும். 'க.முருகேசன்' 'சு.முருகேசன்' ஆகிவிட்டால், மொய் நோட்டில் அது வேறு ஆள்.

அந்தப் பத்திரிகை எப்படித் தயாராகிறது என்று ஒரு டி.டி.பி. கடையில் பத்து நிமிஷம் நின்று பாருங்கள். பெயர்களை பேஜ்மேக்கரில் அடிப்பார்கள். போட்டோவில் ஆளை மட்டும் வெட்டியெடுக்க போட்டோஷாப். இரண்டையும் கொண்டுபோய் கோரல்டிராவில் வைத்து, பார்டர் போட்டு, பிள்ளையார் போட்டு, ஃப்ளெக்ஸுக்கும் ஆஃப்செட்டுக்கும் அனுப்புவார்கள். ஒரு பத்திரிகை, மூன்று சாஃப்ட்வேர். ஒவ்வொன்றுக்கும் நடுவே ஒரு வாய்க்கால். ஒவ்வொரு வாய்க்காலிலும் ஏதாவது ஒன்று தண்ணீரில் விழும்.

பிழை திருத்தப் போனால் கிடைக்கிற பதில் தமிழ்நாடு முழுக்க ஒன்றுதான்.

"கர்வ்ஸ் போட்டாச்சுண்ணே. இனிமே எழுத்த மாத்த முடியாது. மறுபடி மொதல்லேர்ந்து அடிக்கணும்."

அதென்ன கர்வ்ஸ்? கோரலில் கன்ட்ரோலையும் க்யூவையும் அழுத்தினால் எழுத்து எழுத்தாக இருப்பதை நிறுத்திவிட்டு வெறும் கோட்டுப் படமாகிவிடும். 'ழ' என்பது அதற்குப் பிறகு 'ழ' இல்லை, ஒரு வளைந்த கோடு. ஏன் இப்படிச் செய்கிறார்கள்? சிவகாசி அச்சகத்தின் கம்ப்யூட்டரில் இதே ஃபான்ட் இருக்குமா என்று நிச்சயமில்லை. இல்லாவிட்டால் தமிழ் இருந்த இடமெல்லாம் கொம்பு முளைத்த ஆங்கில எழுத்துகள் நிற்கும். அதற்குப் பயந்து, அனுப்புவதற்கு முன் எழுத்தையே கொன்று, பாடம் செய்து அனுப்புகிறார்கள். பாடம் செய்த புலி மாதிரி. பார்க்கக் கம்பீரம், உறுமாது.

இது ஆபரேட்டர் தம்பியின் குற்றமில்லை. அவர் மூன்று கம்பெனிகளுக்கு நடுவே பாலம் கட்டிக்கொண்டிருக்கிறார். நான் குறை சொல்ல வந்தது அந்த சாஃப்ட்வேர்களை.

முதலில் சின்ன விஷயங்கள். ஒரு படத்தை ஒரு வடிவத்துக்குள் அடைத்து, வெளியே நீட்டுவதை மறைக்கவேண்டும். கோரலில் இதற்குப் பெயர் பவர்க்ளிப். போட்டோஷாப்பிலும் இல்லஸ்ட்ரேட்டரிலும் க்ளிப்பிங் மாஸ்க். இன்டிசைனில் 'பேஸ்ட் இன்ட்டு'. ஒரே காரியம், மூன்று பெயர், மூன்று வழி. மௌஸ் சக்கரத்தை உருட்டினால் கோரலில் படம் பெரிதாகும். அதே உருட்டலுக்குப் போட்டோஷாப்பில், செட்டிங்கை மாற்றாவிட்டால், பக்கம் நகரும். ஒரு நாளைக்கு நூறு தடவை மாறி மாறி உருட்டுகிற கைக்கு இது எவ்வளவு எரிச்சல் என்று யோசித்துப் பாருங்கள். பாதிப் பேருந்தில் பிரேக் இடப்பக்கமும் மீதிப் பேருந்தில் வலப்பக்கமும் இருந்தால் டிரைவர் என்ன ஆவார்?

செய்ததைத் திரும்பப் பெறும் கன்ட்ரோல் - இசட்டை எடுத்துக்கொள்ளுங்கள். மற்ற பல சாஃப்ட்வேர்களில் திரும்பத் திரும்ப அழுத்தினால் ஒவ்வொரு படியாகப் பின்னால் போகலாம். போட்டோஷாப்பில் ஒரு படி பின்னால், மறுபடி அழுத்தினால் ஒரு படி முன்னால். ஊஞ்சல். மேலும் பின்னே போக மூன்று விரல் வேண்டும். இதை ஊர் வழக்கப்படி மாற்ற அவர்களுக்கு 2018 அக்டோபர் வரை ஆயிற்று. போட்டோஷாப் பிறந்தது 1990-இல். இருபத்தெட்டு வருஷம்!

'ஒருவரைப் பார்த்து இன்னொருவர் காப்பி அடித்துவிட்டால் தீர்ந்தது, அதில் என்ன கஷ்டம்?' என்று கேட்பீர்கள். கஷ்டம், கோர்ட்டு.

கம்ப்யூட்டர் திரையில் ஃபைல் அட்டைகளின் காது மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் சின்னப் பெட்டிகளைப் பார்த்திருப்பீர்கள். ஒன்றோடொன்றைச் சேர்க்கலாம், பிரிக்கலாம். இந்தக் காதுக்கு அடோபி கம்பெனி காப்புரிமை வைத்திருந்தது. மேக்ரோமீடியா என்ற போட்டிக் கம்பெனியும் அதைப் பயன்படுத்துகிறது என்று 2000-இல் வழக்கு போட்டார்கள். 2002 மே மாதம் அமெரிக்காவின் டெலவேர் ஜூரி, மேக்ரோமீடியா 28 லட்சம் டாலர் கொடுக்கவேண்டும் என்றது. அதே மாதம், மேக்ரோமீடியா தன் காப்புரிமைகளை வைத்துப் போட்ட எதிர் வழக்கில், அடோபி 49 லட்சம் டாலர் கொடுக்கவேண்டும் என்றது இன்னொரு ஜூரி. இரண்டு மாதம் கழித்து இருவரும் சமாதானமாகிவிட்டார்கள். வக்கீல்களுக்கு நல்ல அறுவடை. 2005-இல் அடோபி, சுமார் 340 கோடி டாலருக்கு மேக்ரோமீடியாவையே வாங்கிவிட்டது. காதுப் பிரச்னை அத்தோடு தீர்ந்தது.

வேறொன்று முளைத்தது. மேக்ரோமீடியாவிடம் ஃப்ரீஹேண்ட் என்ற அருமையான படம் வரையும் சாஃப்ட்வேர் இருந்தது. அடோபியின் இல்லஸ்ட்ரேட்டருக்கு நேர் போட்டி. 1994-இல் ஆல்டஸ் கம்பெனியை வாங்கியபோதே இது அடோபியின் கைக்கு வந்திருக்கவேண்டியது. இரண்டும் ஒரே வீட்டில் இருந்தால் போட்டி செத்துவிடும் என்று அமெரிக்க வர்த்தக ஆணையம் தடுத்து, அதை வேறு கைக்கு மாற்றவைத்தது. பதினோரு வருஷம் கழித்துச் சுற்றி வளைத்து அதே வீட்டுக்கு வந்து சேர்ந்தது. 2007-இல், இனி இதை வளர்க்கப்போவதில்லை என்று சொல்லிவிட்டார்கள். பழகிய பயனாளிகள் கோபப்பட்டு 2011-இல் வழக்கே போட்டார்கள். அடுத்த வருஷம் அதுவும் சமாதானத்தில் முடிந்தது. ஃப்ரீஹேண்ட் திரும்பி வரவில்லை.

2022 செப்டம்பரில் ஃபிக்மா என்ற புதிய போட்டியாளரை 2,000 கோடி டாலருக்கு வாங்கப் பார்த்தார்கள். ஐரோப்பாவும் பிரிட்டனும் முறைத்ததில் 2023 டிசம்பரில் கைவிட்டு, பேரம் முறிந்ததற்காக 100 கோடி டாலர் கொடுத்தார்கள். ஆக, பெரிய கம்பெனிகள் வசதிகளைப் பகிர்ந்துகொள்ளும் விதம் இதுதான்: ஒன்று வழக்கு, இல்லாவிட்டால் விழுங்குதல்.

பூட்டி வைத்தால் லாபமா? ஒரு பழைய கதை. இந்த சாஃப்ட்வேர்கள் அத்தனையிலும் வளைகோடு வரைய ஒரே கணக்குதான். அதற்குப் பெயர் பெஸியே வளைவு. 'ழ'வின் வயிறும், 'இ'யின் சுழியும் கம்ப்யூட்டருக்குள் இந்தக் கணக்காகத்தான் உட்கார்ந்திருக்கின்றன. பியர் பெஸியே பிரெஞ்சுக்காரர், ரெனோ கார் கம்பெனி இன்ஜினீயர். காரின் உடம்பை வளைக்க 1960-களில் இதை உருவாக்கி, ஊருக்குச் சொன்னார். ஆனால் அவருக்கு முன்பே, 1959-இல், போட்டிக் கம்பெனியான சித்ரோயனில் பால் டி காஸ்டல்ஜோ என்பவர் இதே கணக்கைப் போட்டுவிட்டார். சித்ரோயன் அதை ரகசியமாகப் பூட்டி வைத்தது. விளைவு, உலகத்தின் ஒவ்வொரு எழுத்தின் மேலும் இன்று ரெனோக்காரர் பெயர். முதலில் கண்டுபிடித்தவர் பெயரை அந்தத் துறைக்காரர்கள்தான் சொல்கிறார்கள்.

மொய் எழுதியவன் பெயர்தான் நோட்டில் இருக்கும்.

இனி தமிழுக்கு வருவோம். எனக்கு உண்மையான கோபம் இங்கேதான்.

விண்டோஸ் 2000 வந்தபோதே லதா என்ற எழுத்துருவோடு யூனிகோட் தமிழ் வந்துவிட்டது. சும்மா கிடைக்கும் நோட்பேடில் 'கொக்கு' என்று அடித்தால் 'கொக்கு' என்று வரும். அதே கம்ப்யூட்டரில், பல்லாயிரம் ரூபாய் விலையுள்ள போட்டோஷாப்பில் அதே வார்த்தையைக் கொண்டுபோய் ஒட்டினால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம். நோட்பேடுக்குத் தெரிந்த தமிழ் போட்டோஷாப்புக்குத் தெரியவில்லை.

காரணம் எளியது. ஆங்கிலத்தில் 'க'வுக்கு அடுத்து 'ல' வந்தால் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டால் போதும். தமிழில் 'கொ' என்றால், யூனிகோடில் முதலில் 'க', பின்பு ஒகரக் குறி. எழுதும்போதோ கொம்பு முன்னால், க நடுவில், கால் பின்னால். யாரோ ஒருவர் அதைப் பிரித்துக் கோக்கவேண்டும். அந்தக் காலத்து அச்சகத்தில் அந்த வேலையை கம்பாசிட்டர் பார்த்தார். கம்ப்யூட்டரில், சாஃப்ட்வேருக்குள் ஒரு கம்பாசிட்டர் வேண்டும். விண்டோஸ் தனக்கென ஒருவரை வைத்திருந்தது. டிசைன் சாஃப்ட்வேர்கள் அவரைக் கூப்பிடவில்லை. தாங்களாகவும் ஒருவரை வேலைக்கு வைக்கவில்லை.

நம்மவர்கள் சும்மா இருக்கவில்லை. ஆங்கில எழுத்துகளின் நாற்காலிகளில் தமிழ் வடிவங்களை உட்கார வைத்து எழுத்துருக்கள் செய்தார்கள். சாஃப்ட்வேரை ஏமாற்றும் வித்தை. நீ ஆங்கிலம் என்று நினைத்துக்கொள், நான் தமிழாகத் தெரிந்துகொள்கிறேன் என்பது. நல்ல வித்தைதான். ஆனால் யார் எந்த நாற்காலியில் என்பதில் ஒற்றுமை இல்லை. பாமினி ஒரு விதம், ஸ்ரீலிபி ஒரு விதம், சி-டாக் ஒரு விதம். 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டி, டாம், டாப் என்று அரசாங்கம் ஒழுங்குபடுத்தப் பார்த்தது. இருந்தவற்றோடு இன்னும் இரண்டு சேர்ந்ததாகத்தான் பல கடைகளில் முடிந்தது. 2010-இல் தமிழக அரசு யூனிகோடைத் தரமாக அறிவித்தபோது, யூனிகோட் வேலை செய்யாத இடங்களுக்கென்று டேஸ் 16 என்ற இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லவேண்டியிருந்தது. அதில் ஒவ்வொரு உயிர்மெய்க்கும் தனி நாற்காலி. கம்பாசிட்டரே தேவையில்லை. ஓர் அரசாங்கம் தன் எழுத்துத் தரத்தை, வெளிநாட்டுக் கம்பெனிகளின் டிசைன் சாஃப்ட்வேர்களில் இல்லாத ஒரு வசதிக்காக வளைத்த கதை இது.

ஈய எழுத்துக் காலத்தில் இந்தத் தொல்லை இல்லை. பிரிட்டிஷ் வழியில் வந்த அச்சகங்களில் ஓர் எழுத்தின் உயரம் 0.918 அங்குலம். எந்த ஃபவுண்டரியில் வார்த்ததாக இருந்தாலும் அதே உயரம். ஒரு கடையில் வாங்கிய 'அ'வையும் வேறு கடையில் வாங்கிய 'ஆ'வையும் ஒரே வரியில் கோத்து அடிக்கலாம். பகிர்ந்துகொள்ள வேண்டிய இடம் எது, போட்டி போடவேண்டிய இடம் எது என்று அந்த ஈயக்காரர்களுக்குத் தெரிந்திருந்தது. எழுத்தின் அழகில் போட்டி. எழுத்தின் உயரத்தில் ஒப்பந்தம்.

கம்ப்யூட்டர்காரர்களுக்கு இது எப்போது புரிந்தது? அவரவர் வேகத்தில். கோரல்டிரா 2012-இல் வந்த எக்ஸ் 6 பதிப்பில் தமிழ் போன்ற எழுத்துகளைக் கோக்கக் கற்றுக்கொண்டது. அதே வருஷம் அடோபியின் இன்டிசைனும் சி.எஸ். 6 பதிப்பில் தமிழுக்கு வழி திறந்தது. ஒரே கம்பெனியின் இன்டிசைனுக்குத் தெரிந்தது போட்டோஷாப்புக்கு ஒழுங்காகப் போய்ச்சேர மேலும் வருஷங்கள் ஆயின. நடுவில், செட்டிங்குக்குள் செட்டிங்காகத் தேடினால் 'மத்திய கிழக்கு, தெற்காசியா' என்று ஒரு கதவு ஒளிந்திருக்கும். அதைத் திறந்தால் தமிழ் வரும். பழைய எழுத்து எந்திரத்தையே தூக்கிவிட்டு, எல்லா மொழிக்கும் பொதுவான ஒன்றை வைத்தது 2021 அக்டோபரில் வந்த போட்டோஷாப் 2022-இல்தான். நோட்பேடுக்குப் பிறகு சுமார் இருபத்தோரு வருஷம்.

பேஜ்மேக்கருக்கு அந்த பாக்கியமும் இல்லை. 1985-இல் பிறந்து டி.டி.பி. என்ற தொழிலையே உருவாக்கிய சாஃப்ட்வேர் அது. 2001-இல் வந்த 7.0 கடைசிப் பதிப்பு. யூனிகோட் என்றால் என்னவென்றே தெரியாமல் ஓய்வு பெற்றது. தமிழ்ப் பதிப்பகங்களின் எத்தனையோ புத்தகங்கள், சிறு பத்திரிகைகள், கோயில் மலர்கள் அந்த ஃபைல்களில் கிடக்கின்றன. இன்டிசைன் சி.எஸ். 6 வரை அவற்றைத் திறக்கத் தெரியும். அதற்குப் பின் வந்த பதிப்புகளில் அந்த வசதியை எடுத்துவிட்டார்கள். ஃபைல் திறந்தாலும் ஃபான்ட் வேண்டும், ஃபான்ட் கிடைத்தாலும் எந்த நாற்காலி முறை என்று தெரியவேண்டும். ஓலைச்சுவடியைக் கரையான் அரித்தது. இதைக் கரையான்கூடத் தொடவில்லை. கண்முன்னே முழுசாக இருக்கிறது, படிக்க முடியவில்லை.

போட்டோஷாப்புக்கு ஒருவழியாக வந்த அந்தத் தமிழ் கம்பாசிட்டர் யார் தெரியுமா? பெயர் ஹார்ஃப்பஸ். பெர்ஷிய மொழியில் 'ஹர்ஃப்' என்றால் எழுத்து, 'பாஸ்' என்றால் திறந்தது. ஓப்பன்டைப் என்பதன் பெர்ஷிய வடிவம். இதை வளர்த்தவர்களில் முக்கியமானவர் ஈரானில் பிறந்த பெஹ்தாத் எஸ்ஃபாபோத். தன் தாய்மொழி கம்ப்யூட்டரில் சரியாக வராத கஷ்டம், வலமிருந்து இடமாக எழுதுகிறவர்களுக்கு நன்றாகவே தெரியும். ஹார்ஃப்பஸ் இலவசம், மூலநிரலும் திறந்து கிடக்கிறது. ஆண்ட்ராய்டு போனில், குரோமில், ஃபயர்ஃபாக்ஸில், லிப்ரே ஆபீஸில் நீங்கள் தமிழ் படிக்கும்போது எழுத்துகளைக் கோத்துத் தருவது இதுதான். கடைசியில் அடோபியும் அந்தப் பந்தியில் வந்து உட்கார்ந்தது.

திருவரங்குளத்துக்காரர்கள் இதைச் சட்டென்று புரிந்துகொள்வார்கள். இலவச சாஃப்ட்வேர்களின் உரிமங்களில் இரண்டு வகை. கிம்ப், இன்க்ஸ்கேப் இரண்டும் ஜி.பி.எல். வகை. எடுத்துக்கொள், மாற்றிக்கொள். ஆனால் மாற்றியதை வெளியே கொடுத்தால் அதன் நிரலையும் கூடவே கொடு. அது மொய். வாங்கினால் திருப்பிச் செய்யவேண்டும், நோட்டில் இருக்கிறது. ஹார்ஃப்பஸ் இரண்டாவது வகை. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள், எதுவும் திருப்ப வேண்டாம். அது அன்னதானம். இலையில் உட்காருகிறவன் கோடீஸ்வரனா, அன்னக்காவடியா என்று கேட்பதில்லை.

இருபது வருஷம் வியாபாரத்தால் ஆகாதது அன்னதானத்தால் ஆயிற்று என்பதைக் கொஞ்சம் கவனியுங்கள்.

அதற்காக இலவச சாஃப்ட்வேர் எல்லாம் கற்பகவிருட்சம் என்று சொல்லமாட்டேன். கிம்ப்பும் இன்க்ஸ்கேப்பும் தமிழை ஒழுங்காக எழுதும். ஆனால் சிவகாசி மெஷினுக்கு வேண்டிய நான்கு வண்ணப் பிரிப்பு இன்க்ஸ்கேப்பில் வெகுகாலமாக நொண்டி. கிம்ப் 3.0-க்காக ஜனங்கள் காத்திருந்து காத்திருந்து, 2025 மார்ச்சில்தான் வந்தது. பழகிய கைக்குப் பட்டன்கள் எல்லாம் இடம் மாறியிருக்கும். பக்கம் அமைக்க ஸ்க்ரைபஸ் இருக்கிறது. நல்ல பிள்ளை, கொஞ்சம் மந்தம்.

காசு கொடுத்து வாங்கும் வகையில், வசதிகளைத் தங்களுக்குள் பகிர்ந்துகொள்வதில் எனக்குப் பிடித்த முயற்சி பிரிட்டனின் செரிஃப் கம்பெனி செய்த அஃபினிட்டி. வரைய ஒன்று, போட்டோவுக்கு ஒன்று, பக்கம் அமைக்க ஒன்று. மூன்றுக்கும் ஃபைல் ஒன்றே. 2019-இல், மூன்றும் வாங்கியிருந்தால் பக்கம் அமைக்கும் ஜன்னலிலிருந்து நகராமலே மற்ற இரண்டின் கருவிகளையும் எடுக்கலாம் என்று செய்தார்கள். வாய்க்காலே இல்லை! 2024-இல் கான்வா இவர்களை வாங்கியது. 2025 அக்டோபரில் மூன்றையும் ஒன்றாக்கி, கான்வா கணக்கு இருந்தால் இலவசம் என்று அறிவித்தார்கள். டி.டி.பி. கடைத் தம்பி கனவு கண்டது இதைத்தான்.

ஆனால் பாருங்கள், அஃபினிட்டியின் முதல் இரண்டு பதிப்புகளிலும் தமிழைக் கோக்கத் தெரியாது. கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம். தூரிகையைப் பகிர்ந்தார்கள், லேயரைப் பகிர்ந்தார்கள், வண்ணத்தைப் பகிர்ந்தார்கள். எழுத்து மட்டும் வாசலில் செருப்போடு நின்றது. எந்த சாஃப்ட்வேரை எடுத்தாலும் கடைசிப் பந்தி நமக்குத்தான்.

ஏன் கடைசிப் பந்தி? இங்கே நம் பங்கும் இருக்கிறது. தமிழ்நாட்டின் டி.டி.பி. தொழில் பெருமளவு திருட்டு சி.டி.யில் பழகி வளர்ந்தது. மாதச் சம்பளத்தைவிட சாஃப்ட்வேர் விலை அதிகமாக இருந்த காலத்தில் அதைப் பெரிய பாவம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் அதன் பலன் ஒன்று உண்டு. காசு கொடுக்காதவன் பெயர் வாடிக்கையாளர் பட்டியலில் இல்லை. பட்டியலில் இல்லாதவன் 'எனக்குத் தமிழ் வரவில்லை' என்று புகார் எழுத முடியாது. 2013-இல் அடோபி மாத வாடகை முறைக்கு மாறியதும் பல கடைகள் பழைய பதிப்பிலேயே நின்றுவிட்டன. தமிழ் வந்த புதிய பதிப்பு ஒரு பக்கம், தமிழ் வராத பழைய பதிப்போடு கடை இன்னொரு பக்கம். நம் ஊர் எழுத்துரு செய்தவர்களையும் இதே சி.டி.தான் கொன்றது. பூட்டுக்கு மேல் பூட்டாக அவர்கள் போட்டது அந்த பயத்தில்தான்.

'எல்லா வசதியும் எல்லா சாஃப்ட்வேரிலும் வேண்டும் என்கிறீரா?' என்றால், இல்லை. போட்டோஷாப் புள்ளிகளால் ஆனது, கோரல் கோடுகளால் ஆனது. போட்டோவுக்குப் புள்ளி வேண்டும். இருபதடி ஃப்ளெக்ஸில் எழுத்து பிசிறில்லாமல் நிற்கக் கோடு வேண்டும். இரண்டையும் கட்டாயக் கல்யாணம் செய்யவேண்டியதில்லை. போட்டோஷாப் 2007-இல் முப்பரிமாண வசதிகளைச் சேர்த்துக்கொண்டு, 2021-இல் அவற்றைக் கைகழுவ ஆரம்பித்தது. இட்லிக் கடைக்காரர் பீட்சா போட்டால் இதுதான் கதி.

பகிரக்கூடாதது இன்னொன்றும் இருக்கிறது. அச்சு. திருவரங்குளத்துச் சிவன் கோயில் சோழர், பாண்டியர் கல்வெட்டுகள் உள்ள பழைய கோயில். அந்த ஊர் நடராஜர் சிலை ஒன்று டெல்லி தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சிற்பக்கலை படித்தவர்களுக்கு நன்றாகத் தெரிந்த செப்புத் திருமேனி. காலைத் தூக்கி வீசும் தில்லை நடனம் அல்ல அது. இரண்டு முழங்காலும் மடங்கி ஆடும் சதுர தாண்டவம். ஆனால் எந்த க்ளிப் ஆர்ட் சி.டி.யில், எந்த இணையப் படத் தொகுப்பில் 'நடராஜர்' என்று தேடினாலும் முதலில் வந்து நிற்பது தூக்கிய திருவடிதான். திருவரங்குளத்துக் கோயிலுக்கு ஒரு ஃப்ளெக்ஸ் அடிப்பதாக இருந்தாலும் ஆபரேட்டர் கைக்கு எட்டுவது சிதம்பரம். கருவியைப் பகிர்ந்தால் ஊருக்கு ஒரு அழகு பிறக்கும். முடிந்த படத்தைப் பகிர்ந்தால் எல்லா ஊருக்கும் ஒரே அழகு. கான்வாவில் தயார் வார்ப்புகளை எடுத்து, பெயரை மட்டும் மாற்றி அனுப்பும் வாழ்த்துகளில் இதை இப்போதே பார்க்கலாம்.

ஆகவே என் கட்சி இது. பட்டன்களில் போட்டி போடட்டும். தூரிகையில், வேகத்தில், விலையில் போட்டி போடட்டும். அடியில் மூன்று விஷயம் பொதுவாக இருக்கட்டும்: எழுத்தைக் கோக்கும் எந்திரம், திறந்து மூட ஒரு ஃபைல் வடிவம், எதிலும் அடிப்படைச் சாவிகள் ஒன்று. இது நடக்காத காரியம் இல்லை. அடோபி 1993-இல் கொண்டுவந்த பி.டி.எஃப். 2008-இல் உலகத் தரமாகிப் பொதுச் சொத்தானது. அதனால் அடோபி ஏழையாகிவிடவில்லை.

உங்களுக்கும் இதில் வேலை உண்டு. அடுத்த முறை பத்திரிகை அடிக்கப் போகும்போது, மேட்டரைப் போனிலேயே யூனிகோடில் அடித்துக்கொண்டு போங்கள். 'தம்பி, இதை அப்படியே ஒட்டுங்க, திரும்ப அடிக்க வேணாம்' என்று சொல்லுங்கள். அவர் பழைய பதிப்பில் ஒட்டிக் கொம்பு உடைந்தால், எந்த சாஃப்ட்வேரில் உடைகிறது என்று அவருக்கே தெரியட்டும். பாலூ தம்பி, ஹிந்த் மதுரை, முக்த மலர் என்று நல்ல தமிழ் யூனிகோட் எழுத்துருக்கள் இலவசமாக, சட்டப்படியே கிடைக்கின்றன. அவற்றைக் கேட்டு வாங்குங்கள். கர்வ்ஸ் போடுவதற்கு முன்னால் எழுத்து உயிரோடு இருக்கும் ஃபைலை ஒரு பிரதி உங்கள் பென் டிரைவில் வாங்கிக்கொள்ளுங்கள். பதிப்பகம் நடத்துகிறவர்கள், உங்கள் பழைய பேஜ்மேக்கர் ஃபைல்களை, அவற்றைத் திறக்கத் தெரிந்த கம்ப்யூட்டரும் ஆளும் இருக்கும்போதே யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள். இரண்டுமே ரிட்டயராகிக்கொண்டிருக்கிறார்கள்.

கம்பெனிகளுக்குப் புகார் எழுதுங்கள். இப்போது இலவசமாகவே கொடுக்கிறார்கள், கணக்கு இருக்கிறது, நீங்களும் பட்டியலில் ஏறிவிட்டீர்கள். 'தமிழ் வரவில்லை' என்று இரண்டு வரி போதும்.

மொய் நோட்டில் பெயர் இருப்பவன்தான் உரிமையோடு கேட்கலாம்.